சக்குலண்ட் செடியில் பூச்சியும் பூஞ்சையும்: கொங்குப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் மாடியிலும் ஜன்னல் ஓரத்திலும் சக்குலண்ட் (சதைப்பற்றான இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடி) வளர்க்காத வீடு குறைவு என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு போய்த் திரும்பும்போது ஆளுக்கு நாலு தொட்டி வண்டியில் ஏறிவிடுகிறது. மலையில் செழிப்பாக இருந்த செடி சமவெளிக்கு வந்து ஓரிரு மாதத்தில் நோய்ப்படும்போது எல்லோரும் கேட்பது, "என்ன மருந்துங்க அடிக்கலாம்?" அதற்கு முன்னால் செடிக்கு வந்திருப்பது என்ன என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படாது.

இலையெல்லாம் வெள்ளையா இருக்குதுங்க. பூச்சியா, பூஞ்சையா?

வெள்ளை என்பது மட்டும் போதாது. சக்குலண்டில் வெள்ளையாகத் தெரிபவை குறைந்தது ஐந்து வகை. அதில் இரண்டு நோயே கிடையாது. அந்த இரண்டையும் முதலில் ஒதுக்கிவிடுவோம்.

எச்சிவேரியா, கிராப்டோபெட்டலம் போன்ற சக்குலண்ட் வகைகளின் இலைமேல் மெழுகுப் படலம் ஒன்று இயல்பாகவே இருக்கும். இலை முழுக்க ஒரே சீராகப் படிந்திருக்கும். தொட்டால் விரல் ரேகை பதியும், அழிந்த இடத்தில் அந்த இலைக்கு மறுபடி வராது. கடும் வெயிலிலிருந்து செடியைக் காப்பாற்றுவது அதுதான். தூசி என்றோ நோய் என்றோ நினைத்துத் துடைத்து எடுத்துவிட்டால் சித்திரை வெயிலில் இலை கருகும்.

அடுத்தது உப்புக் கறை. நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, வீணாகக்கூடாது என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைப் பல வீடுகளில் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டியில் பிரிந்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. சொட்டு நின்று காய்ந்த இடத்தில் விளிம்பு தெரிய வட்டமாகக் கறை இருக்கும். தொட்டி விளிம்பிலும் மண் தொட்டியின் வெளிப்பக்கத்திலும் அதே வெள்ளை பூத்திருக்கும். ஒரு பங்கு வினிகரில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். கரைந்தால் உப்பு. இனிமேல் மழைத் தண்ணீரோ சிறுவாணித் தண்ணீரோ ஊற்றுங்கள். அதுவும் இலைமேல் படாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

மீதி மூன்றும் நோவுதான். இலை தண்டோடு சேரும் கக்கத்திலும் நடுக் குருத்திலும் சிறு சிறு பஞ்சுத் துணுக்காக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அதன்மேல் வைத்தால் மெழுகு கரைந்து உள்ளே இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ பூச்சியின் உடம்பு தெரியும். இலைப் பரப்பில் வட்டத் திட்டுகளாகப் படர்ந்து, துடைத்தால் போய், நாலு நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தால் சாம்பல் நோய். அதுதான் பூஞ்சை.

மூன்றாவது சப்பாத்திக்கள்ளிக்கும் அதன் உறவுக் கள்ளிகளுக்கும் மட்டும் வருவது. வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் ஒட்டும். அது கொச்சினீல் பூச்சி. காடு கரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி மண்டிக்கிடந்த காலத்தில், அதை ஒழிக்கவென்றே 1926-ல் இலங்கையிலிருந்து கொச்சினீலில் ஒரு வகையைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளிலேயே பெரும் பரப்பில் கள்ளி அழிந்தது. ஒரு காட்டையே தின்று தீர்த்த பூச்சிக்குத் தொட்டியில் இருக்கும் ஒரு கள்ளி எம்மாத்திரம்? பார்த்த அன்றே பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மாவுப்பூச்சிதானுங்க. எப்படிப் போக்குவது?

முதல் வேலை, அந்தத் தொட்டியை மற்ற தொட்டிகளிலிருந்து பிரித்து வைப்பது. இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை.

பத்துப் பதினைந்து பூச்சிதான் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். மெழுகுப் படலம் உள்ள இலையில் ஸ்பிரிட் பட்ட இடம் நிரந்தரமாகத் தழும்பாகும். அதனால் முதலில் கீழ் இலை ஒன்றில் வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சாயங்காலம் செய்து, மறுநாள் நிழலில் வையுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை விளக்கு, அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள்.

செடி முழுக்கப் பரவியிருந்தால் முதலில் குழாய்த் தண்ணீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் வேப்பெண்ணெய்க் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயைச் சில துளி சோப்புத் திரவத்தோடு முதலில் நன்றாகக் குழைத்து, பிறகே தண்ணீரில் கலக்க வேண்டும். நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். தெளிப்பானிலிருந்து ஒரு சமயம் வெறும் தண்ணீரும் ஒரு சமயம் வெறும் எண்ணெயும் வந்து இலையைப் பொசுக்கும். எச்சிவேரியாவின் மெழுகுப் படலத்தையும் எண்ணெய் கெடுக்கும். அதற்குச் சோப்புத் தண்ணீரும் குச்சியும்தான் நல்லது.

ஒரு முறை அடித்துவிட்டு "போயிருச்சு" என்று விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை இடும். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டையை எந்தத் தெளிப்பும் சரியாக எட்டாது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரித்து வெளியே வரும். மெழுகு மூடாத அந்தக் குஞ்சுப் பருவத்தில்தான் அது எளிதில் சாகும். ஆகவே ஆறேழு நாளுக்கு ஒரு முறை, நாலு முறையாவது விடாமல் செய்ய வேண்டும். தொட்டியின் அடிப்பக்கம், துளை, விளிம்பின் உள்மடிப்பு எல்லாவற்றையும் துடையுங்கள். பூச்சி அங்கேயும் ஒளிந்திருக்கும்.

செடி மேல ஒரு பூச்சியும் இல்லீங்க. தண்ணி ஊத்தியும் சுருங்கிட்டே போகுது.

தொட்டியிலிருந்து செடியை உருவிப் பாருங்கள். வேர்மேலும் தொட்டிச் சுவரின் உட்பக்கத்திலும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. ஹவார்த்தியாவுக்கும் கள்ளிக்கும் இது அதிகம் வரும். பெர்லைட் என்ற வெள்ளைத் துணுக்குகள் கலந்த மண்ணில் சந்தேகம் வரும்; பெர்லைட் துணுக்கு கெட்டியாக இருக்கும், பூச்சியின் மாவு விரலில் தேய்ந்து வழுக்கும்.

பழைய மண்ணை முழுவதும் உதறிக் கழுவி, கெட்ட வேரை வெட்டிவிட்டு, செடியை நிழலில் மூன்று நாலு நாள் காயவிட்டு, புது மண், புதுத் தொட்டியில் நடுங்கள். நிறைய தொட்டிகளில் பரவியிருந்தால் மட்டும் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை லிட்டருக்கு 0.3 மில்லி கலந்து மண்ணில் ஊற்றலாம். அது செடியின் சாறு முழுக்க ஏறும்; பூவுக்கும் போகும்; தேனீக்கு விஷம். பூத்திருக்கும் செடிக்கும், வாயில் வைக்கிற சோற்றுக்கற்றாழை, பிரண்டைக்கும் வேண்டவே வேண்டாம்.

மாவுப்பூச்சிக்கு நடுவுல, அதே வெள்ளையில, பெருசா ஒண்ணு வேகமா ஓடுது. என்னங்க அது?

அதைக் கொல்லாதீர்கள்! மாவுப்பூச்சி அசைவதே தெரியாது. வேகமாக நகர்ந்து, மெழுகு இழைகள் நீளமாகத் தொங்கினால் அது பெரும்பாலும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றுதான் அது வளர்கிறது. வளர்ந்த வண்டு கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக, பார்த்தாலே தெரியும்.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2008-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக ஏறியது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகே அடங்கியது. மாடித் தோட்டத்தில் பொறிவண்டுப் புழு தென்பட்டால் இரண்டு வாரம் எந்தத் தெளிப்பும் இல்லாமல் விட்டுப் பாருங்கள்.

இலைமேல் கரி பூசினாற்போல் கறுப்பா இருக்கு. ஆனா செடியில் பூச்சி இல்லை.

அது கரும்பூசணம். செடியின் உள்ளே போகாது. சாறுண்ணிப் பூச்சிகள் கழிக்கும் தேன்பிசுக்கின்மேல் வளர்கிறது. அதனால் மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். செதில் பூச்சி தண்டில் பழுப்புப் பொட்டாக ஒட்டியிருக்கும்; நகத்தால் நிமிண்டினால் பெயர்ந்து வரும், செடியின் தழும்பு பெயராது.

ஒன்றுமே இல்லை என்றால் அண்ணாந்து பாருங்கள். மேலே தென்னை நிற்கிறதா? தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் பதிவானது 2016-ல், நம் பொள்ளாச்சியில். தென்னை ஓலையின் அடியில் இருந்துகொண்டு அது கழிக்கும் பிசுக்கு கீழே இருக்கும் எல்லாவற்றின்மேலும் விழும். அதன்மேல் கறுப்புப் படரும். உங்கள் செடியில் குற்றமே இல்லை. தொட்டியை இடம் மாற்றி, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் இலையைத் துடைத்தால் முடிந்தது. செடிக்கு மருந்து அடிப்பது வீண்.

தொட்டியில எறும்பு. எறும்புப் பொடி போடலாமா?

எறும்பு ஏறி இறங்குகிறது என்றாலே எங்கோ சாறுண்ணிப் பூச்சி இருக்கிறது. பிசுக்குக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும், குஞ்சுகளைப் பக்கத்துச் செடிக்குத் தூக்கியும் போகும். பூச்சியை ஒழித்தால் எறும்பு தானாகக் குறையும். அதுவரை, தொட்டியை ஒரு கல்மேல் வைத்து, கல்லைச் சுற்றித் தண்ணீர்த் தட்டு வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது.

பங்குனி, சித்திரையில் இலை பளபளப்புப் போய்த் துரு ஏறினது போல் ஆகிறது.

வெயில் கருகலா, சிலந்திப்பேனா என்று பிரிக்க வேண்டும். கருகல் வெயில் படும் பக்கத்தில் மட்டும், ஓரிரு நாளில் வரும், பிறகு பரவாது. சிலந்திப்பேன் குருத்திலிருந்து, பொடிப் பொடிப் புள்ளியாக, மெல்ல மெல்லப் பரவும். செடிக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளி நகர்ந்தால், தேய்த்தால் கோடாக இழுபட்டால், பேன்தான். முற்றினால் மெல்லிய நூலாம்படையும் தெரியும்.

கரூர், ஈரோடு வெயிலில் முட்டையிலிருந்து பேனாக வளர ஒரு வாரமே போதும். காற்றில் ஈரமில்லாத நாட்களில் வேகமாகப் பெருகும். காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி உடனே காற்றாட வைப்பதை ஒன்று விட்டு ஒரு நாள் செய்தாலே பெரும்பகுதி போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகப் பொடி), லிட்டருக்கு 2 கிராம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் கந்தகம் இலையைச் சுடும். நம் கோடையில் பகல் எல்லாமே அதற்கு மேல்தான். அதனால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாயங்காலம் மட்டும் அடியுங்கள். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. இன்னொன்று, இமிடாகுளோபிரிட் பேனைக் கொல்லாது. அதன் எதிரிப் பூச்சிகளைக் கொன்று பேனைப் பெருக்கிவிடவும் கூடும்.

ஐப்பசி மழையில் செடி அடியோடு அழுகிப் போச்சுங்க. காப்பாற்ற முடியுமா?

கீழ் இலைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, தொட்டாலே உதிர்ந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. தண்டு கறுத்து, அழுத்தினால் அமுங்கும்; மண்ணில் வாடை வரும். பித்தியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் என்று கிருமிகளுக்குப் பெயர் பல. எல்லாவற்றுக்கும் வழிவிடுவது காற்றில்லாத ஈர மண்தான்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. தாகத்தால் சுருங்கும் செடியும் வேர் அழுகிய செடியும் மேலுக்கு ஒன்றுபோல் தெரியும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை சுருங்கும். உடனே இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம், கதை முடியும். ஊற்றுவதற்கு முன் ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி எடுங்கள். குச்சி ஈரமாக வந்தும் இலை சுருங்கியிருந்தால் செடிக்குத் தண்ணீர் வேண்டாம், வேரைப் பார்க்க வேண்டும்.

அழுகியதை வெட்டத்தான் வேண்டும். மண்ணை உதறிவிட்டு, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் தண்டைக் கீழிருந்து மேலாகச் சீவிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். வெட்டு முகம் முழுக்கச் சுத்தமாக, நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ இல்லாமல் தெரியும்வரை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் பழுப்பு இருந்தால் பரவாயில்லை என்று விட்டால் அது மேலே ஏறும். மிஞ்சிய துண்டை நிழலில், காற்றில், நாலைந்து நாள் கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டட்டும். மஞ்சள்தூளும் பட்டைத்தூளும் பலர் தடவுகிறார்கள். தடவினாலும் தடவாவிட்டாலும் காப்பாற்றுவது வெட்டுவாயைக் காயவைப்பதுதான். பிறகு காய்ந்த கலவையில் செருகி, வேர் பிடிக்கத் தொடங்கியதும் தண்ணீர் கொடுங்கள். அடி முழுக்கப் போய்விட்டாலும் எச்சிவேரியா, ஜேட், கிராப்டோபெட்டலத்தின் நல்ல இலை நாலைக் காய்ந்த மணல்மேல் போட்டு வைத்தால் புதுக் கன்று வரும்.

இனி மண்ணைப் பேசாமல் இருக்க முடியாது. பொள்ளாச்சி பக்கத்திலேயே இருப்பதால் தென்னை நார்க்கழிவு நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. நர்சரிகளும் எடை குறைவு என்று அதிலேயே நட்டு விற்கின்றன. ஊட்டிக் குளிரில் வளர்ந்த செடி, ஈரத்தைப் பிடித்து வைக்கும் நார்க்கழிவில், கோவையின் வெக்கையான மழை நாளில் நிற்கிறது. அழுகாமல் என்ன செய்யும்? வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். பெருமணல், சலித்த செங்கல் நொறுக்கு, உமிக்கரி மூன்றும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு. செம்மண்ணும் மக்கிய உரமும் சேர்ந்து ஒரு பங்கு. எம்-சாண்ட் போட்டால் தூசி போகும்வரை கழுவிப் போடுங்கள். கழுவாத தூசி சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கோவையில் ஆண்டிலேயே அதிக மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. அந்த இரண்டு மாதம் தொட்டிகள் கூரைக்கு அடியில் இருக்கட்டும்.

மண்ணுக்கு மேல வெள்ளைப் பூசணம், கூடவே குட்டி ஈயும் பறக்குது.

மண்மேல் படரும் வெள்ளைப் பூசணம் மக்குப் பொருளைத் தின்பது, செடியைத் தொடாது. ஈரம் அதிகம் என்பதற்கு அது அடையாளம். சுரண்டி எடுத்து, மேல்மண்ணைக் கிளறி, காயவிடுங்கள். கொசுவைப்போல் பறக்கும் ஈயின் புழு ஈர மண்ணில் வளரும். நாற்றின் இளவேரைக் கடிக்கும். மேல்மண் இரண்டு அங்குலம் நன்றாகக் காய்ந்தால் புழு சாகும், ஈ மஞ்சள் ஒட்டுப்பொறியில் விழும். மேலே அரை அங்குலம் பெருமணல் பரப்பினால் முட்டையிட இடமிருக்காது.

சாம்பல் நோய்க்கு என்ன செய்வது?

கலஞ்சோவுக்கும் ஜேடுக்கும் மார்கழி, தையில் வரும். இரவு குளிரும் பகல் வெதுவெதுப்பும், காற்றோட்டம் இல்லாத மூலையும் அதற்குப் பிடிக்கும். மற்றப் பூஞ்சைகளுக்குப்போல் இலை நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை. நோய் கண்ட இலைகளைப் பறித்து, தொட்டிகளை இடைவெளி விட்டு, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். மேலும் பரவினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். அந்த மாதங்களின் குளிரில் பயமில்லாமல் அடிக்கலாம். சமையல் சோடாக் கரைசல் வேண்டாம். அதிலுள்ள சோடியம் இலையையும் மண்ணையும் கெடுக்கும்.

தோட்டத்துக்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்குது. அதையே அடிச்சா என்ன?

வேண்டாம். ஜேட், கலஞ்சோ, எச்சிவேரியா மூன்றும் ஒரே குடும்பம். மாலத்தியானும் டைமெத்தோயேட்டும் இந்தக் குடும்பத்துக்கு ஒத்துக்கொள்ளாது. இலை உதிரும், கருகும். அதோடு அவை வயலுக்கானவை. குழந்தைகள் நடமாடும் வரவேற்பறையில், மூடிய ஜன்னலுக்குள் அடிக்கக்கூடாதவை.

சோற்றுக்கற்றாழை மடலில் கரணை கரணையாகப் புடைத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பேன் உள்ளே இருந்துகொண்டு செடியை அப்படி வளரவைக்கிறது. தெளிப்பு உள்ளே எட்டாது. புடைப்பை நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டி எரித்துவிட்டு, கத்தியைத் துடையுங்கள். காற்றிலும் பரவும் என்பதால் மற்றக் கற்றாழைகளைத் தள்ளி வையுங்கள்.

அடீனியம் ஒரே ராத்திரியில மொட்டை ஆயிருச்சு.

அரளி தின்னும் பெரிய பச்சைப்புழு. பின்பக்கம் ஒரு கொம்பு இருக்கும். டார்ச் அடித்துத் தேடிக் கையால் எடுத்துவிட்டால் போதும். செடி மறுபடி துளிர்க்கும். அடீனியம், திருகுகள்ளி, கிறிஸ்து முள் மூன்றின் பாலும் கண்ணில் படக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போதுதான் செடியைத் தூக்கிப் போடலாம்?

நாலு சுற்று முடிந்தும் குருத்துக்குள் மாவுப்பூச்சி வந்துகொண்டே இருந்தால், தண்டின் நுனிவரை பழுப்பு வளையம் ஏறியிருந்தால், கற்றாழையின் நடுக் குருத்தே புடைத்துவிட்டால், அந்தச் செடியை விட்டுவிடுங்கள். ஆசையாக வளர்த்ததுதான், மனசு வராது. ஆனால் அது நிற்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துத் தொட்டிகளுக்கு ஆபத்து. உரக்குழியில் போடாதீர்கள், செம்பருத்திச் செடியின் அடியிலும் வீசாதீர்கள். மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி மிகவும் பிடிக்கும். பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். தொட்டியை ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், ஒன்பது பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகு அடுத்த செடி. அந்தப் புதுச் செடியையும் வேரோடு உருவிப் பார்த்துவிட்டு, மூன்று நாலு வாரம் தனியாக வைத்திருந்துதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.